மூன்றாம் டேங்க் புளித்தது

தம்பியைச் சாகடித்தவனுக்குத் தினமும் காலையில் வணக்கம் சொல்ல வினோதா பழகிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், குரல் பிசகாமல், "குட் மார்னிங் சார்" என்பாள். ஆலை மேனேஜர் ஹரீஷ்குமாரும் லேசாகத் தலையசைத்துவிட்டுத் தன் அறைக்குள் போவான். கூடப்பிறந்தவன் செத்த இடத்திலேயே இவளுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று கேன்டீனில் ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். வினோதா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. சோறு இறங்கத்தான் செய்தது. நினைத்ததை முடிக்கும்வரை உடம்பில் தெம்பு வேண்டுமே.

அந்தத் தொழிற்சாலை ஓசூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகள் கழித்துப் போடும் தோலும் நாரும் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அதை அரைத்துக் கரைத்துப் பெரிய டேங்குகளில் நிரப்பி, ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை விட்டால், அது சர்க்கரையைத் தின்றுவிட்டு எத்தனாலைத் தரும். அதை வடித்தெடுத்துப் பெட்ரோலில் கலக்க அனுப்புவார்கள். மிஞ்சிய சக்கையை வேறொரு நுண்ணுயிருக்குத் தீனியாகக் கொடுத்து, பிளாஸ்டிக் செய்ய உதவும் ஒரு அமிலத்தை எடுக்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

ஆய்வகத்தில் ஈஸ்ட்டை வளர்த்துக் கொடுப்பது வினோதாவின் வேலை. மைக்ரோபயாலஜி படித்தவள். மாங்காய்த் தோலின் துவர்ப்பு சாதாரண ஈஸ்ட்டுக்கு ஆகாது, பாதியிலேயே சுருண்டுவிடும். மத்தூரில் சந்தைக்குப் பின்னால் அழுகிக் கிடந்த பெங்களூரா ரக மாம்பழக் குவியலிலிருந்து, அந்தத் துவர்ப்பைத் தாங்கி நிற்கும் ஒரு ஈஸ்ட்டை அவள்தான் பிரித்தெடுத்தாள். கம்பெனியே அதை நம்பித்தான் ஓடியது. முதலில் ஒரு குடுவையில், பிறகு ஒரு வாளியளவில், பிறகு சின்ன டேங்கில் என்று கைப்பிள்ளையைப் போல வளர்த்துப் பெரிய டேங்குக்கு அனுப்புவாள்.

அந்தச் செல்வாக்கில்தான் தம்பி முனிவேலுக்கு அங்கே காண்ட்ராக்டில் வேலை வாங்கிக் கொடுத்தாள். இருவரும் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள். அம்மா முனிலட்சுமி மத்தூர்ப் பக்கத்து ஊரைவிட்டு வர மறுத்துவிட்டாள். முனிவேல் வாயாடி. தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கு, கன்னடக்காரர்களிடம் கன்னடம் என்று அரைகுறையாகப் பேசியே எல்லோரையும் சிநேகம் பிடித்துவிடுவான். அக்காவின் டூ வீலரைக் கடன் வாங்கினால் பெட்ரோல் போடாமல்தான் திருப்பித் தருவான்.

போன மாம்பழ சீசனில் மூன்றாம் டேங்க்கைக் காலிசெய்யும்போது அடியில் நார் அடைத்துக்கொண்டது. அது பழைய டேங்க். கீழ்ப்பக்கம் கதவு கிடையாது. உச்சிக்கு ஏறி, மேன்ஹோல் வழியாக இரும்பு ஏணியில்தான் உள்ளே இறங்க வேண்டும். ஈஸ்ட் எத்தனாலை மட்டும் தருவதில்லை, கூடவே கரியமில வாயுவையும் விடும். அது காற்றைவிடக் கனமானது. கிணற்றில் தண்ணீர் நிற்பதுபோல் டேங்கின் அடியில் நிற்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. ப்ளோயர் வைத்து வெளிக்காற்றை உள்ளே அடித்து, காற்றைச் சோதிக்கும் மீட்டரை விட்டுப் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம் என்பது விதி. அன்றைக்கு ப்ளோயர் இல்லை, மீட்டரும் இல்லை. முனிவேல் இறங்கினான். கடைசிப் படியில் கால் வைத்தவன் அப்படியே மடங்கி விழுந்தான்.

அவன் செத்த பிறகு நடந்ததுதான் அதைவிடக் கொடுமை. பையன் குடித்திருந்தான், யாரிடமும் சொல்லாமல் போதையில் தானே உள்ளே இறங்கிவிட்டான் என்று ஹரீஷ்குமார் எல்லோரிடமும் சொன்னான். நொதித்த கூழிலிருந்து எடுத்த உடம்பு. சட்டையில், தலைமுடியில், வாயில் எங்கும் சாராய நெடி. மோந்து பார்த்தவர்கள் அவன் சொன்னதை நம்பினார்கள். எழுதவேண்டிய இடங்களில் அப்படியே எழுதினார்கள்.

முனிவேலின் அப்பா குடித்துக் குடித்தே ஈரல் வெந்து செத்தவர். அந்த வீட்டில் வளர்ந்ததாலேயே முனிவேல் கள்ளைக்கூட வாயில் வைத்ததில்லை. ஊருக்கு அது எங்கே தெரியும்? மண் தள்ளும்போதே யாரோ, அப்பன் புத்தி அப்படியே இருந்திருக்குது என்று முணுமுணுத்தார்கள். முனிலட்சுமியின் காதிலும் அது விழுந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

"செத்துட்டான்றது கூட என்னைக்காவது ஆறிடும் பாப்பா," என்று மகளிடம் சொன்னாள். "குடிச்சிட்டுச் செத்தான்னு சொல்லிக்கினு இருக்காங்களே, அது ஆறாது."

காரியம் முடிந்த மறுநாள் மாடசாமி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முனிவேலோடு டேங்க் கழுவும் வேலையில் இருந்தவர். வீட்டுக்குள் வரவே தயங்கி வேப்பமரத்தடியில் நின்றார். ப்ளோயரை வேறு டேங்குக்கு எடுத்துப் போயிருந்தார்கள், ஹரீஷ்குமார்தான் பக்கத்தில் நின்று முனிவேலை இறங்கச் சொன்னான், நான் மேன்ஹோல் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்றார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

"நாஞ் சொன்னேன்னு வெளிய வந்துரக் கூடாது தாயி. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக," என்று கும்பிட்டார்.

வினோதா புகார் கொடுத்துப் பார்த்தாள். நேரில் பார்த்தது யார் என்று கேட்டார்கள். கும்பிட்ட கை கண்ணில் நின்றது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வேலையை உதறிவிட்டு வரச் சொன்னாள் அம்மா. வினோதா மறுத்துவிட்டாள். புலியை அடிக்க வேண்டுமென்றால் புலி தண்ணீர் குடிக்கும் துறையில்தானே காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தாள். அவளிடம் ஒரு ஆயுதம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு டேங்க் திடீரென்று புளித்துப் போனது. காரணம் தேடியபோது ஒரு பாக்டீரியா அகப்பட்டது. இட்லி மாவையும் கேழ்வரகுக் கூழையும் புளிக்க வைக்கும் கிருமிக்குப் பங்காளி முறை. ஈஸ்ட்டுக்கு வைத்த சர்க்கரையைத் தான் தின்று அமிலத்தைக் கக்கும். அந்த அமிலத்தில் ஈஸ்ட் மூச்சுமுட்டி ஒடுங்கிவிடும். இப்படிப்பட்டதைக் கொல்லக் கம்பெனி போடும் மருந்து இதனிடம் பலிக்கவில்லை. ஆராய்ச்சிக்கு உதவும் என்று வினோதா அதை உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தாள். எதிரியைக் கொல்ல எதிரியை வளர்க்கலாம் என்று அப்போது அவள் நினைத்திருக்கவில்லை.

இந்த வருடம் சீசன் தொடங்கியதும் காலம் கனிந்தது. ஒரு எண்ணெய் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வேலை நடக்கும் விதம் பிடித்துப்போனால் பெரியதாக ஒரு புது ஆலை கட்டுவார்கள், அதற்கு ஹரீஷ்குமார்தான் தலைவன் என்று பேச்சு. அவன் எல்லோரையும் கூட்டி வைத்து, மூன்றாம் டேங்கிலேயே ஓட்டிக் காட்டுவோம், அதுதான் நமக்கு ராசியான டேங்க் என்று சொன்னான். சொல்லும்போது வினோதா எதிரில்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். அவனுக்கு நினைவே இல்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால்கூட அவள் அந்த அளவுக்குக் கொதித்திருக்க மாட்டாள். மறந்தே போனான் என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த வாரம் அவள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். ஒரு குடுவையில் ஈஸ்ட். பக்கத்திலேயே இன்னொன்றில் புளிப்புக் கிருமி. ஆய்வக ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் பழுப்பாய்க் கலங்கி ஒரே மாதிரிதான் இருந்தன. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, இரண்டையும் சின்ன டேங்கில் ஊற்றினாள். குழாய் வழியாக அது மூன்றாம் டேங்குக்குப் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. டேங்க் நுரைத்தது. ஹரீஷ்குமார் விசிலடித்துக்கொண்டு நடந்தான். மறுநாள் எத்தனால் ஏறுவது நின்றது. அதற்கடுத்த நாள் அமிலம் ஏற ஆரம்பித்தது. பழ வாசனை போய், ஊசிப்போன கூழின் நெடி அந்த வளாகம் முழுக்கப் பரவியது. லாரி டிரைவர்கள்கூட மூக்கைப் பொத்தினார்கள். வினோதாவுக்கு அது மல்லிகைபோல் மணத்தது. நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டாள்.

ஹரீஷ்குமாரின் தைரியம் கரைவதை அவள் பக்கத்திலிருந்தே பார்த்தாள். முதலில் வெயிலைக் குறை சொன்னான். பிறகு மாங்காயை, பிறகு தண்ணீரை. மருந்தை இரட்டிப்பாகக் கொட்டச் சொன்னான். கொட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. பெங்களூருவிலிருந்து முதலாளி போன் போட்டுக் கத்துவது வெளியே கேட்டது. ஒருநாள் சவரம் செய்யாத முகத்தோடு ஆய்வகத்துக்கு வந்து, ஈஸ்ட்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். கெஞ்சும் குரலில் கேட்டான். மைக்ரோஸ்கோப்பில் ஈஸ்ட்டைக் காட்டினாள். நல்ல ஈஸ்ட்தான். அதை அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சநாளில் இவன் வெளியே நிற்பான், எந்தக் கம்பெனி வாசலிலும் இவனை ஏற்றமாட்டார்கள் என்று நினைத்தபோது அவள் உடம்பே குளிர்ந்தது. அன்று அறைக்குத் திரும்பி, தம்பி போன பிறகு முதல்முறையாக வாய்க்கு ருசியாகச் சமைத்துச் சாப்பிட்டாள்.

எண்ணெய் நிறுவனத்தின் ஆட்கள் வந்த காலையில், டேங்க்கைக் காலிசெய்து புதிதாக நிரப்பிக் காட்டிவிடலாம் என்று ஹரீஷ்குமார் முடிவு செய்தான். வந்தவர்களை மீட்டிங் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தான். வினோதா மாதிரிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, வாசலில் போன இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. முக்கால்வாசி வடிந்த பிறகு அடியில் நார் அடைத்துக்கொண்டதாம். மாடசாமியை உள்ளே இறங்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

கையிலிருந்த குடுவை நழுவி உடைந்தது.

டேங்க் புளித்தால் அதைக் கழுவ வேண்டும். கழுவ ஒரு ஆள் உள்ளே இறங்க வேண்டும். ஹரீஷ்குமாரின் கழுத்துக்கு அவள் போட்ட சுருக்கு, வளைந்து போய் மாடசாமியின் கழுத்தில் விழுந்திருந்தது. இத்தனை நாள் எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. ஓடினாள். டேங்க்கைச் சுற்றிய படிகளில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது.

உச்சியில் மாடசாமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மேன்ஹோலுக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ப்ளோயர் இல்லை. வினோதா பின்னாலிருந்து அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"எறங்காதீங்கண்ணா. வேணாம், மேல வாங்க."

மாடசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சார் சொல்லியிருக்காரு, வந்தவங்க பாக்கறதுக்குள்ள முடிக்கணும்னாரு என்று திணறினார். அதற்குள் கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. சத்தம் கேட்டு ஹரீஷ்குமார் படியேறி வந்தான். அவன் பின்னாலேயே வந்தவர்களில் ஒருத்தியும் ஏறினாள். ஸ்வாதி என்று பெயர், எண்ணெய் நிறுவனத்தின் இன்ஜினியர். இளவயதுதான் என்றாலும் எதையும் நிதானமாகப் பார்க்கும் கண்.

ஹரீஷ்குமார் ஸ்வாதியைப் பார்த்துச் சிரித்து, சாதாரண கிளீனிங்தான் மேடம் என்றான். பிறகு வினோதாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, கீழே போகச் சொன்னான். டேங்கில் காற்று நன்றாக இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்றான்.

வினோதா மாடசாமியை இழுத்து நிறுத்திவிட்டு, மேன்ஹோலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். மனதுக்குள் பலமுறை பேசிப் பார்த்த வசை எதுவும் வாயில் வரவில்லை.

"காத்து நல்லாருந்தா நீங்க எறங்குங்க சார்," என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"எறங்குங்க. ஏணி இருக்குது, கயிறு இருக்குது. கயித்த நானே புடிக்கிறேன். அடி வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் இவரை அனுப்பறேன்."

கீழே நின்றவர்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வாதி ஹரீஷ்குமாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவன் இரண்டடி முன்னால் வந்து, மேன்ஹோல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினான். மூக்கில் ஊசி குத்தியதுபோல் இருந்திருக்க வேண்டும். சடாரென்று பின்வாங்கி, கைப்பிடிக் கம்பியில் முதுகு இடிக்க நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ப்ளோயர் போடாம எப்படி எறங்கறது? செத்துருவேன்," என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

மாடசாமி இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். அவர் குரலை அந்தக் கம்பெனியில் யாரும் உரக்கக் கேட்டதில்லை. அன்றைக்கும் உரக்கப் பேசவில்லை.

"முனிவேலும் இதையேதான கேட்டான். ப்ளோயர் இல்லாம எப்படி சார் எறங்கன்னு கேட்டான். நீரு என்ன சொன்னீரு? ஒங்க அக்கா வேலை நெலைக்கணுமா வேண்டாமான்னு கேட்டீரு. அதுக்குப் பொறவுதான் அவன் ஏணியில கால வச்சான்."

வேப்பமரத்தடியில் அவர் சொல்லாமல் விழுங்கியது இதுதான் என்று வினோதாவுக்குப் புரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாங்கிக் கொடுத்த வேலை, அவளுடைய வேலை, இரண்டும் சேர்ந்து தம்பியை உள்ளே இறக்கியிருக்கின்றன. ஹரீஷ்குமார் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். தமிழில் பேசினான், ஆங்கிலத்துக்கு மாறினான், கன்னடத்துக்குப் போனான். ஸ்வாதி அவனைத் தாண்டி வந்து, முனிவேல் என்பது யார் என்று மாடசாமியிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு காரியங்கள் தாமாகவே நடந்தன. எண்ணெய் நிறுவனம் பின்வாங்கியது. தன் தலை தப்பினால் போதும் என்று முதலாளி ஹரீஷ்குமாரைக் கைகழுவினார். தொழிற்சாலை ஆய்வாளரிடம் மாடசாமி நடந்ததைச் சொன்னார். ப்ளோயர் இல்லாமல் இறங்கினால் செத்துவிடுவேன் என்று ஹரீஷ்குமாரே சொன்னதைச் சாட்சி சொல்லக் கீழே நின்ற மற்றவர்களும் முன்வந்தார்கள். வழக்கு திரும்பத் திறக்கப்பட்டது. ஹரீஷ்குமாரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

டேங்க் புளித்தது எப்படி என்பதை வினோதா முதலில் மாடசாமியிடம்தான் சொன்னாள்.

"ஒன் கோவத்துல நாயம் இருக்கு. ஆனா எம் புள்ளைக தெருவுல நின்னிருக்கும் தாயி," என்றார். பிறகு எழுந்து போய்விட்டார். சாட்சி சொல்வதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. ஆனால் வினோதாவிடம் முன்புபோல் பேசுவதில்லை. அது நியாயம்தான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். விசாரணையிலும் தான் செய்ததை மறைக்காமல் சொன்னாள். கம்பெனி அவளை வெளியே அனுப்பி, அவள்மேலும் ஒரு வழக்குப் போட்டது. டேங்க் புளித்ததற்காக அவள் ஒருநாளும் வருத்தப்படவில்லை. மாடசாமியின் கால்கள் மேன்ஹோலுக்குள் தொங்கியதுதான் தூக்கத்தில் வந்தது.

ஹரீஷ்குமார் பெயிலில் வெளியே வந்ததும் அவர்கள் வீட்டுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினான். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சமாதானமாகப் போய்விடலாம் என்றான். முனிலட்சுமி கேட்டது ஒன்றுதான். ஊருக்குள் வந்து, மகனைக் குடிகாரன் என்று பேசின வாயெல்லாம் கேட்க, உண்மையைச் சொல்ல வேண்டும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அவன் வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரை ஊர் முகப்பிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. அவனுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. முனிவேல் குடிக்கவில்லை, நான்தான் உள்ளே இறங்கச் சொன்னேன், குடித்திருந்தான் என்று சொன்னது பொய் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல," என்றாள் முனிலட்சுமி. அவன் இன்னொரு முறை சொன்னான். குழியோரம் நின்று அப்பன் புத்தி என்று முணுமுணுத்தவர்களும் கேட்டார்கள்.

பிறகு அவன் அவளருகே வந்து கைகூப்பி, இனிமேலாவது கேஸை விட்டுவிடச் சொல்லுங்கம்மா என்றான். முனிலட்சுமி அவனை மேலும் கீழும் பார்த்தாள். கூடியிருந்தவர்கள் பக்கம் கையை நீட்டினாள்.

"கேஸை எதுக்கு விடணும்? இது வரைக்கும் நாலு பேருதான் சாட்சி. இப்ப ஊரே சாட்சி. போய்ட்டு வா."

அவன் காரை நோக்கி நடந்து போவதை வினோதா பார்த்துக்கொண்டு நின்றாள். பாவமாக இருக்குமோ என்று தன் மனதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இல்லை.

இப்போது அவள் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக கோர்ட்டுக்குப் போய்விடுகிறாள். ஹரீஷ்குமார் எங்கே நிற்பான் என்று தெரியும். அவன் தலையைத் தூக்கினால் தங்கள் இருவர் முகமும்தான் தெரிய வேண்டும் என்று, அதற்கு நேரெதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.